புதிதாகப் பூட்டிய கொம்பியூட்டர் ஓன் ஆகவில்லையா? வன்னியிலிருந்து அடிக்கடி வரும் கேள்விகள்

சாமான்களைக் கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ யாழ்ப்பாணத்திலோ வாங்கி, இரவு பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, விடிய விடியப் பூட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினால் ஒரு அசைவும் இல்லை. கிளிநொச்சி, மல்லாவி, முல்லைத்தீவு, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து வரும் கேள்விகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். யூடியூபில் சொல்லப்படும் வைத்தியம், "வேறொரு பவர் சப்ளை போட்டுப் பாருங்கள், வேறொரு ராம் போட்டுப் பாருங்கள்" என்பது. அந்த வேறொன்று எங்களுக்கு ஏ9 வீதியில் ஒரு பஸ் பயணத்துக்கு அப்பால் இருக்கிறது. அதனால் கையில் உள்ளதை வைத்தே பழுதான சாமானைக் கண்டுபிடிக்கிற ஒழுங்கில் இந்தப் பதில்கள் எழுதப்பட்டிருக்கின்றன.

அண்ணை, ஓன் ஆகுதில்லை. என்ன பழுது?

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது, தம்பி. "ஓன் ஆகுதில்லை" என்பதற்குள் மூன்று வேறு வேறு பழுதுகள் இருக்கின்றன. ஒன்று, முழுச் செத்த நிலை: லைற் இல்லை, காற்றாடி இல்லை, சத்தம் இல்லை. இரண்டு, பொத்தானை அழுத்தியதும் காற்றாடி ஒரு துடி துடித்துவிட்டு நின்றுவிடும். மூன்று, எல்லாம் சுற்றுகிறது, ஆனால் மொனிட்டரில் படம் வராது. முதலாவதில் சுவரிலிருந்து மதர்போட் வரையான கரண்ட் பாதையைப் பார்க்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் ஷோட், அதாவது கரண்ட் போகக்கூடாத வழியால் பாய்வது. மூன்றாவதில் பவர் சப்ளையில் சந்தேகம் குறைவு, அது பெரும்பாலும் தன் வேலையைச் செய்கிறது. எந்த வகை என்று தெரியாமல் எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினால் முதல் இல்லாத பிசகு ஒன்று புதிதாகச் சேரும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பல மதர்போட்களில் பிளக்கைப் போட்டு பின்பக்க சுவிச்சையும் போட்டவுடனே, பொத்தானைத் தொடாமலே, ஒரு சின்ன லைற் எரியும். அது எரிந்தால் பவர் சப்ளையின் ஐந்து வோல்ற் காத்திருப்பு மின்சாரம் போட் வரை வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லாப் போட்டிலும் அந்த லைற் இல்லை, ஆகவே எரியாததை மட்டும் வைத்து ஒன்றையும் முடிவுகட்ட வேண்டாம்.

முழுச் செத்த நிலை. எங்கிருந்து தொடங்குவது?

சுவரிலிருந்து. சிரிக்க வேண்டாம். பவர் சப்ளையின் பின்பக்கத்தில் உள்ள சுவிச் வட்டக்குறிப் பக்கம் இருந்தால் ஓஃப், கோட்டுக்குறிப் பக்கம் இருந்தால் ஓன். புது ஆட்கள் இதை மாறி விளங்கிக்கொள்வது சாதாரணம். பிறகு அதே பிளக்கில் போன் சார்ஜரையோ மேசை லைற்றையோ கொழுவிப் பாருங்கள். மல்ரி பிளக் வேண்டாம், யூபிஎஸ்ஸும் வேண்டாம். முதல் தடவை நேரே சுவரில் போடுங்கள். பவர் கேபிளைப் பவர் சப்ளைக்குள் முழுதாகத் தள்ளுங்கள். புதுக் கேபிள் இறுக்கமாக இருக்கும், உள்ளே போய்விட்டதுபோல் தெரியும், போயிருக்காது.

கேசிங்கோடு சேர்ந்து வந்த மலிவான பவர் சப்ளை என்றால் பின்பக்கத்தில் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று எழுதிய இன்னொரு சின்ன சுவிச் இருக்கிறதா என்று, கரண்ட் கொடுப்பதற்கு முன்னரே பாருங்கள். எங்கள் நாட்டில் 230 வோல்ற். 115 இல் வைத்தபடி கொழுவினால் ஒரு வெடிச் சத்தத்தோடு கதை முடியும். நல்ல பவர் சப்ளைகளில் இந்த சுவிச் இல்லை. 100 முதல் 240 வரை தானாகவே எடுத்துக்கொள்ளும்.

200 முதல் 240 வோல்ற் வரை மட்டும் என்று ஒட்டியிருக்கும் பவர் சப்ளைகளும் உண்டு. தோட்டங்களில் தண்ணி மோட்டர் ஓடுகிற நேரத்தில், கம்பி லைனின் கடைசி வீடுகளில் வோல்ற்றேஜ் விழும். காலையில் ஓன் ஆகிறது, பின்னேரம் ஆகவில்லை என்றால் கொம்பியூட்டரைக் கழற்றுவதற்கு முன் மல்ரிமீற்றரால் சுவர்ப் பிளக்கை அளக்கச் சொல்லுங்கள். அந்த வேலையை வயறிங் தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

சுவரில் கரண்ட் இருக்கிறது, சுவிச்சும் சரி. அப்படியும் அசைவில்லை.

அடுத்ததாகச் சந்தேகப்பட வேண்டியது நீங்கள் அழுத்துகிற பொத்தானை. கேசிங்கின் முன்பக்கத்திலிருந்து மெல்லிய வயர்கள் நாலைந்து வந்து மதர்போட்டின் கீழ் மூலையில் உள்ள பின்களில் கொழுவப்படும். எழுத்து எறும்பளவு, இடம் இருட்டு. ஒரு வரிசை தள்ளிக் கொழுவினால் பொத்தான் எதற்கும் உதவாது.

பெரும்பாலான போட்களில் இந்தப் பின்கள் இரண்டு வரிசையாக, ஒரு மூலையில் ஒரு பின் இல்லாமல், மொத்தம் ஒன்பது இருக்கும். ஆறாம், எட்டாம் பின்கள் பவர் சுவிச்சுக்கு. ஐந்தும் ஏழும் ரீசெற். பவர் சுவிச் வயருக்கு நேர், எதிர் என்று பக்கம் கிடையாது, எப்படிப் போட்டாலும் வேலை செய்யும். லைற் வயர்களுக்குத்தான் பக்கம் உண்டு. இலக்கத்தை உங்கள் போட்டின் கைநூலில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள், சில கொம்பனிகள் ஒழுங்கை மாற்றி வைத்திருக்கின்றன.

பொத்தானைப் பரிசோதிக்க ஒரு ஸ்குறூ டிரைவர் போதும். முன்பக்க வயர்கள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கரண்ட் இருக்கட்டும். ஸ்குறூ டிரைவர் நுனியால் பவர் சுவிச்சுக்கான இரண்டு பின்களையும் ஒரு விநாடி மட்டும் சேர்த்துத் தொட்டு எடுங்கள். அங்கே இருப்பது சின்ன வோல்ற்றேஜ்தான், அடிக்காது. பக்கத்துப் பின்களில் மட்டும் முட்ட விடாதீர்கள். காற்றாடி சுற்றத் தொடங்கினால் உங்கள் கொம்பியூட்டருக்கு ஒரு வருத்தமும் இல்லை. கேசிங் பொத்தானோ அதன் வயரோதான் பிரச்சினை. அவசரமென்றால் ரீசெற் பொத்தானின் வயரைப் பவர் சுவிச் பின்னில் கொழுவிப் பாவிக்கலாம். அப்படியே வருடக்கணக்கில் ஓடுகிற கொம்பியூட்டர்கள் இந்தப் பக்கத்தில் இருக்கின்றன.

ஸ்குறூ டிரைவரால் தொட்டும் எழும்பவில்லை.

மதர்போட்டுக்குப் போகும் இரண்டு பெரிய இணைப்புகளைப் பாருங்கள். 24 பின் உள்ளது வலது ஓரத்தில். 8 பின் உள்ளது ப்ரொசசருக்குப் பக்கத்தில், மேல் மூலையில், காற்றாடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

24 பின் இணைப்பில் ஏமாறாதவர் குறைவு. அதன் பிளாஸ்ரிக் கொளுக்கி போட்டில் உள்ள மேட்டைத் தாண்டி "டக்" என்று விழ வேண்டும். விரல் நகத்தை இடையில் விட்டுப் பாருங்கள்: நகம் போகிற அளவு இடைவெளி இருந்தால் அது இன்னும் உள்ளே போகவில்லை. போட் வளைகிறதே என்று பயந்து பாதியில் விடுகிறார்கள். மறு கையால் போட்டின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டு நேராக அழுத்துங்கள்.

8 பின்னை மறந்தால் பல போட்களில் காற்றாடி சுற்றும், படம் வராது. சிலவற்றில் ஒன்றுமே நடக்காது. கிராபிக்ஸ் கார்டுக்கான 8 பின் வயரும் இதுவும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ப்ரொசசருக்கானது நாலு நாலாகப் பிரியும், கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். துளைகளின் வடிவமும் வேறு. மாறிப் போட்டால் போகாது. பலம் போட்டுத் தள்ளுகிறவர்களால்தான் ஆபத்து.

பவர் சப்ளை மட்டும் உயிரோடு இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கலாமா?

பார்க்கலாம். பிளக்கைக் கழற்றிவிட்டு, 24 பின்னை மதர்போட்டிலிருந்து எடுங்கள். மற்ற எல்லா இணைப்புகளையும் கழற்றுங்கள், ஒரு கேசிங் காற்றாடியை மட்டும் பவர் சப்ளையில் கொழுவுங்கள். 24 பின்னில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அந்தத் துளையையும் பக்கத்துக் கறுப்பு வயரின் துளையையும் வளைத்த ஒரு சின்னக் கம்பியால் இணையுங்கள். பிறகு பிளக்கைப் போட்டு சுவிச்சைப் போடுங்கள். காற்றாடி சுற்றினால் பவர் சப்ளை எழும்புகிறது.

பவர் சப்ளையின் சொந்தக் காற்றாடியைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். இப்போது வருகிறவற்றில் பல சூடு ஏறும்வரை காற்றாடியைச் சுற்றவிடாது. அதற்காகத்தான் தனியாக ஒரு காற்றாடி. மல்ரிமீற்றர் இருந்தால் மஞ்சள் வயரில் 11.4 முதல் 12.6 வோல்ற், சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை இருக்க வேண்டும்.

எல்லா வயரும் கறுப்பாக இருக்கிற பவர் சப்ளை என்றால் எண்ணிப் பார்த்து ஊகித்துக் கம்பி விடாதீர்கள். கைநூலில் படம் இருந்தால் மட்டும் செய்யுங்கள், இல்லாவிட்டால் கடைக்குக் கொண்டுபோங்கள். இரண்டு நிமிட வேலை. பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிற்றர்களில் 300 வோல்ற்றுக்கு மேல் நிற்கக்கூடும்.

ஒரு துடி துடித்துவிட்டு நிற்கிறது. திரும்ப அழுத்தினால் அதுவும் இல்லை.

இது பவர் சப்ளை தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் விதம். எங்கேயோ ஷோட் என்று கண்டதும் அது பூட்டிக்கொள்கிறது. பிளக்கைக் கழற்றிச் சில நிமிடம் விட்டுத் திரும்பப் போட்டால் மறுபடி ஒரு துடி துடிக்கும். அந்தத் துடிப்பைக் கண்டு "இப்ப வருது" என்று திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

முதற் சந்தேகம், போட்டுக்குக் கீழே உள்ள பித்தளைக் கட்டைகள். கேசிங் தட்டில் போட்டைத் தூக்கிப் பிடிக்க இவை பூட்டப்படும். பெரிய போட்டுக்கு ஒன்பது இடம், சின்னப் போட்டுக்குக் குறைவு. கேசிங்கில் முன்னமே பூட்டி வந்த கட்டை ஒன்று, உங்கள் சின்னப் போட்டில் துளையே இல்லாத இடத்தில் நின்றுகொண்டு போட்டின் அடிப்பக்க ஈயப் புள்ளிகளில் முட்டும். கட்டையே போடாமல் தட்டில் நேரே வைத்து ஆணி இறுக்கியவர்களும் உண்டு. கைதவறி விழுந்த ஆணி ஒன்று போட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் கிடந்தாலும் இதே கதைதான். கேசிங்கைச் சரித்து ஆட்டிப் பாருங்கள், கிலுங்கினால் உள்ளே இருக்கிறது.

நிச்சயமாக அறிய ஒரே வழி, போட்டைக் கேசிங்குக்கு வெளியே எடுப்பது. மதர்போட் வந்த மட்டைப்பெட்டியின் மேல் அதை வையுங்கள். மினுங்குகிற பை வேண்டாம், சில பைகளின் வெளிப்பக்கம் மின்சாரம் கடத்தும். ப்ரொசசர், அதன் கூலர், ஒரேயொரு ராம், 24 பின், 8 பின். இவ்வளவுதான். கிராபிக்ஸ் கார்ட், டிஸ்க், முன்பக்க யூஎஸ்பி வயர் ஒன்றும் வேண்டாம். ஸ்குறூ டிரைவரால் எழுப்புங்கள். எழும்பினால் பழுது கேசிங்கிலோ நீங்கள் விட்டுவைத்த சாமான்களிலோ. ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் எழுப்பிப் பாருங்கள். எதைச் சேர்த்தபோது நின்றதோ அதுதான் ஆள். ஒவ்வொரு முறையும் சாமான் சேர்ப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றுங்கள். முன்பக்க யூஎஸ்பி இணைப்பில் ஒரு பின் வளைந்து அயல் பின்னில் படுத்திருப்பதும் முழு மெஷினையும் படுக்க வைக்கும்.

வெளியேயும் அதே துடிப்புத்தான் என்றால் ப்ரொசசரைத் தூக்கி, சொகெட்டில் பின் வளைந்திருக்கிறதா என்று போன் லைற்றைச் சரித்துப் பிடித்துப் பாருங்கள். எல்லாப் பின்னும் ஒரே மாதிரி மினுங்க வேண்டும். ஒன்று மட்டும் மங்கினால் அது சாய்ந்திருக்கிறது.

துடித்து நிற்காமல், சில விநாடிகள் ஓடிப் பிறகு நிற்கிறது என்றால் கூலரைப் பாருங்கள். அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்ரிக் தாளை உரிக்காமல் பூட்டியிருக்கலாம், அல்லது ஒரு மூலை இறுகாமல் இருக்கலாம்.

பிளக்கைப் போட்டவுடன் வீட்டில் ட்ரிப் சுவிச் விழுகிறது. கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்கிறது.

இவை இரண்டு வேறு விடயங்கள். ஒன்றாகக் கேட்கிறபடியால் ஒன்றாகச் சொல்கிறேன்.

ட்ரிப் சுவிச் விழுவது, கரண்டில் கொஞ்சம் எர்த் பக்கம் கசிவதால். வீடுகளில் உள்ளவை வழமையாக 30 மில்லி அம்பியர் கசிந்தாலே விழும். கேபிளைப் பவர் சப்ளையிலிருந்து கழற்றி, கேபிளை மட்டும் சுவரில் போடுங்கள். அப்போதும் விழுந்தால் கேபிள் அல்லது பிளக். விழாவிட்டால், போட்டோடு ஒரு தொடர்பும் இல்லாமல் பவர் சப்ளையை மட்டும் கொழுவிப் பாருங்கள். இப்போது விழுந்தால் அதைக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள். ட்ரிப் சுவிச்சைச் சுற்றி வயர் இழுத்துப் பாவிக்கச் சொல்கிற ஆட்களின் பேச்சைக் கேட்காதீர்கள்.

சுள்ளென்பது வேறு. பவர் சப்ளையின் வாசலில் இரைச்சல் வடிகட்ட இரண்டு சின்னக் கப்பாசிற்றர்கள் இருக்கும், இரண்டும் கேசிங்கோடு தொடர்புடையவை. எர்த் சரியாக இருந்தால் அந்தச் சின்னக் கசிவு நிலத்துக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் கேசிங் கிட்டத்தட்ட 115 வோல்ற்றில் தொங்கிக்கொண்டு நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்றபடியால் ஆளைத் தூக்கி எறியாது, வெறுங்காலோடு சீமெந்து நிலத்தில் நிற்கும்போது சுள்ளென்னும். பவர் சப்ளையில் பழுதில்லை, வீட்டில்தான் எர்த் இல்லை. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் ஆக்கும் அடப்ரரைப் பாவித்திருக்கலாம். எர்த் கம்பி இருந்தும் அது ஆழம் போதாமல் காய்ந்த நிலத்தில் நிற்கலாம். சோளகம் வீசுகிற ஆடி, ஆவணியில் நிலம் வறண்டு கிடக்கும்போது முறைப்பாடு கூடி, மாரி தொடங்கக் குறைந்தால் இதை நினையுங்கள்.

எர்த் இல்லாததால் கொம்பியூட்டர் ஓன் ஆகாமல் விடாது. ஆனால் அந்த நிலையில் கரண்ட் இருக்க எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிக் கொழுவினால் கிராபிக்ஸ் கார்டின் வாசலோ ரீவியின் வாசலோ போய்விடக்கூடும்.

எல்லாம் சுற்றுகிறது, கலர் கலராக எரிகிறது. படம் மட்டும் இல்லை.

மொனிட்டர் கேபிள் எங்கே கொழுவியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்ட் பூட்டியிருந்தால் கேபிள் அந்தக் கார்டில் இருக்க வேண்டும், மதர்போட்டில் அல்ல. கார்ட் இல்லையென்றால் உங்கள் ப்ரொசசருக்குள் கிராபிக்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ரெல்லில் பெயரின் முடிவில் எஃப் இருந்தால் இல்லை, உதாரணம் 12400எஃப். ரைசன் 5600 இல் இல்லை, 5600ஜி யில் உண்டு. 7500எஃப் இலும் இல்லை. கடையில் இதைச் சொல்லாமல் விற்றுவிடுகிறார்கள், வாங்கியவர் நாலு நாள் மண்டையை உடைக்கிறார்.

அடுத்தது ராம். இரண்டு ராம் என்றால் ப்ரொசசரிலிருந்து எண்ண இரண்டாவதும் நாலாவதும் இடங்கள். ஒன்றென்றால் பெரும்பாலும் இரண்டாவது. பக்கத்துக் காது தானாக மேலே வந்து பூட்ட வேண்டும். பஸ்ஸில் குலுங்கி வந்த, முன்னமே பூட்டிய மெஷின்களில் ராம் ஒரு நூலளவு எழும்பியிருப்பது சாதாரணம்; முறிகண்டிப் பிள்ளையார் கோயிலில் பஸ் நின்றபோது தேங்காய் உடைத்திருந்தாலும் கழற்றித் திரும்பப் போடத்தான் வேண்டும்.

டிடிஆர்5 ராம் உள்ள புதிய ரைசன் மெஷின் என்றால் பொறுமை வேண்டும். முதல் தடவை எழும்பும்போது அது ராமை அளந்து பழகும். அதற்குச் சில நிமிடங்கள் கறுத்த திரையோடு நிற்கும். பத்து நிமிடம் வரை தொடாமல் விடுங்கள். இடையில் நூர்த்தால் அது முதலிலிருந்து தொடங்கும்.

போட்டின் ஓரத்தில் சிபியு (ப்ரொசசர்), டிராம் (ராம்), விஜிஏ (கிராபிக்ஸ்), பூட் (டிஸ்க்) என்று நாலு சின்ன லைற் இருந்தால் அதிர்ஷ்டம். எது அணையாமல் நிற்கிறதோ அங்கே பழுது.

சிபியு லைற் அணையவில்லை. ப்ரொசசர் பழுதா?

புது ப்ரொசசர் பழுதாக வருவது அரிது. பழைய பயோஸ்தான், அதாவது மதர்போட்டுக்குள் இருந்து மெஷினை எழுப்புகிற மென்பொருள்தான், பெரிய காரணம். 2018 இல் வந்த பி450 போட்டில் 2020 கடைசியில் வந்த ரைசன் 5000 வரிசையைப் போட்டால், இடையில் பயோஸ் புதுப்பிக்கப்படாத போட் அதை அடையாளம் காணாது. பி660 போட்டில் 13 ஆம் தலைமுறை இன்ரெல்லுக்கும் அப்படித்தான். பின்பக்கத்தில் பயோஸ் ஃபிளாஷ்பேக் பொத்தான் இருந்தால் பென்டிரைவிலிருந்தே புதுப்பிக்கலாம், ப்ரொசசர் வேலை செய்ய வேண்டிய தேவையில்லை. அது இல்லையென்றால் கடைதான்.

பயோஸ் பற்றரியைக் கழற்றிப் போட்டால் சரிவரும் என்கிறார்களே?

சில நேரம். பிளக்கைக் கழற்றி, அந்த நாணயப் பற்றரியை எடுத்து, ஐந்து நிமிடம் விட்டுப் போடுங்கள். ராம் வேகத்தை மாற்றிய பின் எழும்பாத மெஷினுக்கு இது மருந்து. இன்னும் ஒருமுறைகூட எழும்பாத மெஷினுக்கு அவ்வளவாக உதவாது.

450 வாற் போதாதபடியால்தான் ஓன் ஆகவில்லை என்று கடையில் சொன்னார்கள்.

வாற் போதாவிட்டால் கேம் விளையாடும்போது நிற்கும், கிராபிக்ஸ் கார்டுக்குப் பாரம் ஏறும்போது நிற்கும். பயோஸ் திரை வருவதற்கு அவ்வளவு வாற் தேவையில்லை. 750 வாங்கச் சொன்னவரிடம் முதலில் கார்டைக் கழற்றிவிட்டு எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய மெஷினின் பவர் சப்ளை கேபிள்களைப் புதியதில் பாவிக்கலாமா?

கூடவே கூடாது. கழற்றிப் பூட்டக்கூடிய கேபிள்களின் பவர் சப்ளைப் பக்க ஒழுங்கு கொம்பனிக்குக் கொம்பனி வேறு, சிலநேரம் ஒரே கொம்பனியிலும் மொடலுக்கு மொடல் வேறு. முனை பொருந்தும், வோல்ற் பொருந்தாது. ஐந்து வோல்ற் வர வேண்டிய இடத்தில் 12 வந்து டிஸ்க் கருகும்.

யூபிஎஸ்ஸில் போட்டால் மட்டும் நிற்கிறது. ஜெனரேற்றரிலும் அப்படி.

650 விஏ என்று எழுதிய யூபிஎஸ்ஸின் உண்மையான வலு பெரும்பாலும் 360 முதல் 390 வாற்தான். கிராபிக்ஸ் கார்ட் உள்ள மெஷினையும் மொனிட்டரையும் அதில் தொங்கவிட்டால் கரண்ட் போகிற கணத்தில் அதுவும் சேர்ந்து விழும். பற்றரி பழசானால் இன்னும் கெதியாக விழும். சின்ன ஜெனரேற்றரில் வேறு சிக்கல்: பாரம் மாறும்போது வோல்ற்றேஜ் ஏறி இறங்கும். லைன் கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேற்றரிலேயே கொம்பியூட்டர் படித்த ஊர் இது, ஆகவே முடியாது என்று சொல்லமாட்டேன். ஆனால் புது மெஷினை முதன்முதல் எழுப்பிப் பார்க்கும் நாளில் வேண்டாம்.

எல்லாம் பார்த்தாயிற்று. கடைக்கு எதைக் கொண்டுபோவது?

வெளியே எடுத்து மட்டைப்பெட்டி மேல் வைத்துப் பார்த்தீர்கள், பவர் சப்ளை தனியாக எழும்புகிறது, போட் எழும்பவில்லை என்றால் போட்டையும் ப்ரொசசரையும் ராமையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். பவர் சப்ளையே எழும்பவில்லையென்றால் அது மட்டும் போதும். முழுக் கேசிங்கையும் தூக்கிக்கொண்டு போனால் பஸ்ஸில் இடமும் இல்லை, கடையில் "வைத்துவிட்டுப் போங்கள், பார்த்துச் சொல்கிறோம்" என்பார்கள்.

என்ன செய்து பார்த்தீர்கள், எந்த லைற் எரிந்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். பெட்டி, பில், சீரியல் இலக்க ஸ்ரிக்கர் மூன்றும் வேண்டும். இன்ரெல் சொகெட் என்றால் புறப்படுவதற்கு முன் பின்களைக் கிட்டவாகப் படமெடுத்து வையுங்கள், கறுப்புப் பிளாஸ்ரிக் மூடியைத் தேடிப் பிடித்து மேலே போடுங்கள். மூடி இல்லாமல் போய்ப் பின் வளைந்திருந்தால் வொறன்ரி இல்லை என்று சொல்லிவிடுவார்கள், அது வழியில் வளைந்ததா அவர்கள் கையில் வளைந்ததா என்று வாதாட உங்களிடம் அந்தப் படம் இருக்க வேண்டும்.